பிழைக்குப் பெயர் வைக்கும்போது விடக்கூடாத பிழைகள்

யாழ்ப்பாணத்தில் ‘எறி’ என்றால் முதலில் நினைவுக்கு வருவது குப்பை. “உதை எறிஞ்சுபோட்டு வா” என்று அம்மா சொல்லுவா. உயர்தர வகுப்பில் ஜாவா என்ற நிரல் மொழியில் பிழை வந்ததை அறிவிக்கும் ‘த்ரோ’ கட்டளைக்கு அந்தச் சொல்லையே வைத்து, “நிரல் பிழையை எறிகிறது” என்று சொல்லிக்கொடுத்தேன். ஒரு மாணவி கொப்பியில் “பிழை நீக்கப்படும்” என்று எழுதியிருந்தாள். நான் சொன்ன சொல்தான் அவளை அங்கே கொண்டுபோய் விட்டது. பைத்தன் என்ற இன்னொரு நிரல் மொழியில் இதற்கு ‘ரெய்ஸ்’ என்று பெயர். தமிழில் ‘எழுப்பு’ என்றால், எழுந்ததை யாராவது கவனிக்க வேண்டும் என்பதும் கூடவே விளங்கிவிடுகிறது.

இதைவிடப் பெரிய தவறு, எல்லாவற்றையும் ஒரே பெயரால் அழைப்பது. குறிகாட்டுவானிலிருந்து நெடுந்தீவுக்குப் படகில் ஆசனம் பதியும் நிரல் ஒன்றை எழுதுகிறோம் என்று வையுங்கள். சோளகக் காற்று அடித்துக் கடல் கொந்தளித்தால் படகு ஓடாது. இப்படி நடக்கும் என்று முன்பே தெரியும். பயணிக்குச் சொல்லி வேறொரு நாளைக் காட்டுவது நிரலின் வேலை. ஆனால் மிச்ச ஆசனங்கள் ‘கழித்தல் 3’ என்று வந்தால், அது எழுதியவர் விட்ட பிழை. பயணியிடம் சொல்லி ஒன்றும் ஆகாது, நிரலைத்தான் திருத்த வேண்டும். நான் முதலாவதைத் ‘தடங்கல்’ என்றும் இரண்டாவதை ‘வழு’ என்றும் பிரித்துச் சொல்கிறேன்.

ரஸ்ட் மொழி இந்தப் பிரிவைப் பெயரிலேயே வைத்திருக்கிறது: தடங்கலுக்கு ‘ரிசல்ட்’, வழுவுக்குப் ‘பேனிக்’. ஜாவாவில் ‘எரர்’, ‘எக்ஸெப்ஷன்’ என்று இரண்டு பெயர் உண்டு, ஆனால் பெயரைக் கேட்டு எது எது என்று சொல்ல முடியாது. நினைவகம் தீர்ந்துபோவது அங்கே எரர். வெற்றுச் சுட்டியை, அதாவது எதையும் சுட்டாத சுட்டியை, தொடுவது பெரும்பாலும் நிரலாளரின் கவனக்குறைவு, அது எக்ஸெப்ஷன்.

அந்த எக்ஸெப்ஷனை ‘விதிவிலக்கு’ என்பதும் எனக்குச் சரியாகப் படவில்லை. காதில் சலுகை மாதிரி விழுகிறது. நன்னூலின் ‘வழுவமைதி’யை எடுக்கலாமே என்று தமிழ் படித்த நண்பர் கேட்டார். அழகான சொல்தான். ஆனால் பசுவைப் பார்த்து “என் அம்மை வந்தாள்” என்றால், உவப்பினால் வந்த அந்த வழுவை இலக்கணம் ஏற்றுக்கொள்கிறது. அதன் பிறகு செய்ய ஒன்றுமில்லை. நிரலில் அதற்குப் பிறகுதான் வேலையே தொடங்குகிறது.

அப்புறம், கையாள்வதையும் திருத்துவதையும் கலக்காதீர்கள். தடங்கல் வந்தால் அடுத்து என்ன செய்வது என்று முடிவெடுப்பது கையாளல். நிரலையே மாற்றுவது திருத்தல். இது விளங்காத பிள்ளைகள் பைத்தனில் பிழையைப் பிடிக்கும் ‘எக்ஸெப்ட்’டுக்குக் கீழே, ஒன்றும் செய்யாதே என்று பொருள்படும் ‘பாஸ்’ என்று ஒரு வரி போட்டுவிட்டு, “பிழையைத் திருத்தியாச்சு சேர்” என்பார்கள். திரையில் பிழையைக் காட்டும் சிவப்பு எழுத்து மறைந்திருக்கும். கடல் கொந்தளிக்கும் நாளில் அந்த நிரல் வாயே திறக்காது. பயணி பஸ் பிடித்துக் குறிகாட்டுவான் வரை வந்து வெறும் இறங்குதுறையைப் பார்த்துக்கொண்டு நிற்பார்.