வேலூர் கிராமங்களில் கோடைப் பயிற்சி: மாணவர்கள் எங்கே தவறுகிறார்கள்?

சமூக நலம், சிறு விவசாயம் என்று ஆறு வாரப் பயிற்சிக்காக அணைக்கட்டு, கே.வி.குப்பம், குடியாத்தம் பக்கம் வரும் மாணவர்களுக்குப் பாடம் தெரியாமல் இருப்பதில்லை. கோட்டை விடுவது நேரத்தில்தான். எந்த மாதத்தில், எத்தனை மணிக்கு, ஆள் என்ன செய்துவிட்டு வந்து உட்கார்ந்தபோது கேட்டோம், அளந்தோம் என்பதைக் குறிக்காமல் வெறும் எண்களோடு ஊர் திரும்புகிறார்கள்.

முதல் தவறு, பத்து மணிக்கு வீடு வீடாகப் போவது. அந்நேரம் கழனி வேலைக்கும் நூறு நாள் வேலைக்கும் போனவர்கள் திரும்பியிருக்க மாட்டார்கள். திண்ணையில் வயதானவர்களும் கைக்குழந்தைக்காரிகளும்தான் இருப்பார்கள். அவர்களை மட்டும் கணக்கெடுத்தால் ஊரில் பாதிப் பேருக்கு ரத்தக் கொதிப்பு என்றுதான் வரும். காலையில் சொசைட்டியில் பால் ஊற்றிவிட்டு வந்த நேரம், இல்லாவிட்டால் மாலை ஐந்துக்கு மேல் போங்கள். பூட்டியிருந்த வீட்டை விட்டுவிட்டு அடுத்த வீட்டைச் சேர்த்துக்கொள்ளக் கூடாது; இன்னும் இரண்டு முறையாவது அதே கதவைத் தட்ட வேண்டும். இருநூறு வீடு என்று திட்டம் போடுவதும் வீண். ஒரு வீட்டுக்கு முக்கால் மணி நேரம் பிடிக்கும். நாற்பது வீட்டை ஒழுங்காகப் பார்ப்பதே பெரிய வேலை.

ரத்த அழுத்தம் பார்ப்பதில்தான் அதிகம் சொதப்புகிறது. வெயிலில் நடந்து வந்தவரை உட்காரவைத்த கையோடு பட்டையைச் சுற்றினால் அளவு ஏறித்தான் காட்டும். ஐந்து நிமிடம் பேச்சில்லாமல் உட்காரட்டும். முதுகு சாய்ந்திருக்க வேண்டும், பாதம் தரையில் பதிய வேண்டும், கை நெஞ்சு மட்டத்தில் தாங்கலாக இருக்க வேண்டும். கை தொங்கினாலும், பருத்த கைக்குச் சின்னப் பட்டை போட்டாலும் அளவு கூடும். பட்டையை ரவிக்கைக் கையின் மேல் சுற்றாதீர்கள். டீ, பீடி முடிந்து அரை மணி ஆகியிருக்க வேண்டும். ஒரு நிமிடம் விட்டு இரண்டாவது முறை பாருங்கள். 140/90-க்கு மேல் ஒரே ஒரு நாள் வந்ததை வைத்து 'உங்களுக்கு பி.பி.' என்று அறிவிக்க உங்களுக்கு உரிமை இல்லை. வேறொரு நாளும் பார்த்து ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு அனுப்புங்கள். ஆனால் 180/120-ஐத் தொட்டு, நெஞ்சுவலியோ மூச்சிரைப்போ பேச்சுக் குழறலோ இருந்தால் நோட்டை மூடிவிட்டு 108-ஐக் கூப்பிட வேண்டும்.

சர்க்கரைப் பரிசோதனையில் இரண்டு பொறி. மே மாதம் மாம்பழக் காலம். பழம் தின்ற விரலைக் கழுவாமல் குத்தினால் மிஷின் பழத்தின் சர்க்கரையையும் சேர்த்துக் காட்டும். சோப்பு போட்டுக் கழுவி, ஈரம் துடைத்து, முதல் சொட்டை ஒற்றி எடுத்துவிட்டு இரண்டாவது சொட்டை வையுங்கள். அடுத்தது ஸ்ட்ரிப். பெரும்பாலானவற்றை 30 டிகிரிக்குள் வைக்க வேண்டும் என்று டப்பாவிலேயே அச்சிட்டிருக்கும். வேலூர் வெயில் 40-ஐத் தாண்டும் மாதத்தில் வண்டிப் பெட்டிக்குள் வைத்தால் கெட்டுவிடும். 'இன்னும் ஒண்ணும் சாப்பிடலைம்மா' என்று சொன்னால் அப்படியே எழுதிக்கொள்ளாதீர்கள். 'டீ, காபி குடிச்சீங்களா?' என்று கேளுங்கள். விடியற்காலையில் சர்க்கரை போட்டுக் குடித்த டீயை யாரும் சாப்பாட்டுக் கணக்கில் சேர்ப்பதில்லை. வெறும் வயிற்றில் 126 மி.கி. என்ற சர்க்கரை நோய் எல்லைக்கு அந்த ஒரு டம்ளர் டீயால் அர்த்தமே போய்விடும்.

கழனிப் பக்கம் வந்தால், மே மாதத்தில் கண்ணில் படுவதை வைத்து முழு வருடத்தையும் எழுதிவிடுவது பெரிய பிழை. மானாவாரி வேர்க்கடலைக் கொல்லை அப்போது வெறுமையாக, கோடை உழவுக்குக் காத்திருக்கும். விதைப்பு ஆடியை ஒட்டித்தான். கிணறும் போரும் உள்ளவர்களிடம்தான் அப்போது பச்சை தெரியும். அவர்களை மட்டும் பேட்டி கண்டால் தண்ணீர் உள்ளவரின் விவசாயம்தான் அறிக்கையில் வரும். நோயும் அப்படித்தான். புல்லறுப்பவர்களையும் ஆடு மேய்ப்பவர்களையும் படுத்தும், புதரில் இருக்கும் சிறு பூச்சி கடித்து வரும் ஸ்க்ரப் டைபஸ் காய்ச்சல் இந்தப் பகுதியில் மழைக்குப் பிந்தைய குளிர் மாதங்களில்தான் கூடுகிறது. கோடையில் வந்தவர் 'அப்படி ஒரு நோயே இங்கே இல்லை' என்று முடித்துவிடுவார். சித்திரை முதல் பங்குனி வரை பன்னிரண்டு கட்டம் போட்டு, என்ன பயிர், எப்போது கூலி வேலை, எப்போது கடன், எப்போது காய்ச்சல் என்று நிரப்பச் சொல்லிக் கேளுங்கள். நீண்ட கேள்வித்தாளைவிட இந்த ஒரு தாள் அதிகம் சொல்லும்.

மண் மாதிரி எடுக்க கோடைதான் நல்ல காலம், நிலம் காலியாக இருக்கும். ஆனால் வரப்போரம், எருக்குப்பை கிடந்த இடம், மரநிழல் ஆகிய இடங்களில் ஒரு பிடி அள்ளி வந்தால் அது அந்த நிலத்தின் மண் அல்ல. மேல் சருகை ஒதுக்கி, ஆறு அங்குல ஆழத்துக்கு ஆங்கில 'வி' வடிவில் குழி வெட்டி, பக்கச் சுவரை மேலிருந்து அடிவரை ஒரே தடிமனாகச் சீவுங்கள். வளைந்து வளைந்து நடந்து பத்துப் பதினைந்து இடத்தில் இப்படி எடுத்து, கலந்து பரப்பி, நான்காகப் பிரித்து எதிரெதிர்ப் பங்குகளைத் தள்ளிக்கொண்டே வந்து அரைக் கிலோவில் நிறுத்துங்கள். நிழலில் உலர்த்த வேண்டும். யூரியா வந்த சாக்கில் போட்டால் சோதனையே வேண்டாம். மாந்தோப்புக்கு இது பொருந்தாது. ஒன்று, இரண்டு, மூன்று அடி ஆழங்களில் தனித்தனியாக எடுக்க வேண்டும். சந்தேகம் இருந்தால் விரிஞ்சிபுரம் வேளாண் அறிவியல் நிலையத்தில் கேட்டுக்கொள்ளலாம்.

புத்தகத்தில் எல்லாம் ஹெக்டேர் கணக்கு, ஊரில் ஏக்கர், சென்ட். வேர்க்கடலைக்கு 40-45ஆம் நாள் மண் அணைக்கும்போது ஜிப்சம் ஹெக்டேருக்கு 400 கிலோ என்பதை ஏக்கருக்குச் சொல்லிவிட்டால் விவசாயி இரண்டரை மடங்கு காசைக் கொட்டுவார். சரியான அளவு 160 கிலோ.

பூச்சிமருந்து விஷயத்தில் மாணவர்கள் தெளிக்கும் ஆண்களிடம் மட்டும் பேசுகிறார்கள். தண்ணீர் சுமந்து ஊற்றுவதும், நனைந்த சட்டையைத் துவைப்பதும், மறுநாள் காய் பறிப்பதும் வீட்டுப் பெண்கள். 2023-ல் புவிசார் குறியீடு பெற்ற இலவம்பாடி முள்ளுக் கத்திரிக்காய் ஆனாலும் தண்டு, காய்த் துளைப்பான் புழு விட்டுவைக்காது. கத்திரிக்கு மருந்து அடிக்கடி தேவைப்படுகிறது. டப்பாவைக் காட்டச் சொல்லி முக்கோணத்தின் நிறத்தைக் குறித்துக்கொள்ளுங்கள்: சிவப்பு கடும் விஷம், அதற்குக் கீழே மஞ்சள், நீலம், பச்சை. டப்பாவைக் கையால் தொட வேண்டாம். மே மாதத்தில் தெளித்தவருக்குத் தலை சுற்றினால் 'வெயில்' என்று விட்டுவிடுவது ஆபத்து. கண்மணி சுருங்கி, எச்சில் ஒழுகி, வியர்த்து, வாந்தி வந்தால் அது மருந்தின் வேலை. உப்புக் கரைசல் குடிக்க வைத்து வாந்தி எடுக்கச் செய்யக் கூடாது. உடையைக் கழற்றி, சோப்பால் கழுவி, டப்பாவின் லேபிளோடு மருத்துவமனைக்கு அனுப்புங்கள்.

கேட்கும் விதமும் பதிலைக் கெடுக்கும். கே.வி.குப்பத்தில் வேலூர் சி.எம்.சி. மருத்துவக் கல்லூரியின் கிராம சுகாதார, சமூக நலப் பிரிவான ரூசா 1977 முதல் இயங்குகிறது. இந்தப் பக்கத்து மக்களுக்கு சர்வே புதிதல்ல, எந்தப் பதில் சொன்னால் பிள்ளைகள் சீக்கிரம் கிளம்புவார்கள் என்பதும் தெரியும். 'மாத்திரை ஒழுங்கா போடுறீங்களா பாட்டி?' என்றால் 'போடுறேன் கண்ணு' என்பார்கள். 'அட்டையைக் கொஞ்சம் காட்டுங்க பாட்டி' என்று கேட்டு, எத்தனை மீதி என்று எண்ணுங்கள். நிலம் எவ்வளவு என்று எடுத்த எடுப்பில் கேட்காதீர்கள். கேட்கும்போது பட்டா யார் பேரில், உழுவது யார், குத்தகையா, விளைச்சலில் பங்கு தரும் வாரமா என்று பிரித்துக் கேளுங்கள். மாமனார் பேரில் பட்டா இருக்கும். விதை முதல் அறுப்பு வரை பார்ப்பது மருமகளாக இருப்பார். குடியாத்தம் பக்கம் தெலுங்கும், பேரணாம்பட்டு பக்கம் உருதுவும் பேசும் வீடுகளுக்குத் துணைக்கு ஆள் வேண்டும். பக்கத்து வீட்டுக்காரரை மட்டும் துணைக்கு அழைக்காதீர்கள். அவர் எதிரில் கடனையும் காசநோயையும் பற்றி யாரும் வாய் திறக்க மாட்டார்கள்.

ஆய்வாக வெளியிடும் எண்ணம் இருந்தால் நெறிமுறைக் குழுவின் அனுமதியைக் கிளம்பும் முன்பே வாங்குங்கள். தகவல் சேர்த்த பிறகு கேட்டால் கிடைக்காது. பெயர் உள்ள தாளும் நோய் உள்ள தாளும் தனித்தனியாக இருக்கட்டும், இடையில் ஒரு எண் போதும். அளவு கூடுதலாக வந்தவர்களின் பட்டியலை, அவர்கள் சம்மதத்தோடு, அன்றன்றே கிராம சுகாதார செவிலியரிடம் கொடுத்துவிடுங்கள். ஆறாவது வாரக் கடைசியில் மொத்தமாகக் கொடுப்பது பலருடைய வழக்கம். அதற்குள் முதல் வாரத்தில் பார்த்தவருக்கு ஒரு மாதத்துக்கு மேல் வீணாகியிருக்கும்.