வினிகரையும் சமையல் சோடாவையும் கலந்தால் மிஞ்சுவது என்ன?

சிங்க்கில் சமையல் சோடாவைத் தூவி, மேலே வினிகரை ஊற்றினால் புஸ்ஸென்று நுரை பொங்கும். அழுக்கெல்லாம் கிளம்பி வருவது போலவே தெரியும். ரசாயன பாட்டில்கள் வேண்டாம் என்று முடிவெடுத்தவர்கள் பெரும்பாலும் இங்கேதான் தொடங்குகிறார்கள். நானும் பல மாதம் இதைச் செய்தேன்.

அந்த நுரை வெறும் கார்பன் டை ஆக்சைடு. வினிகர் அமிலம், சோடா காரம். சேர்ந்தால் ஒன்றின் வேலையை இன்னொன்று கெடுத்துவிடும். வாயு போனபின் மிஞ்சுவது தண்ணீரும் அதில் கரைந்த ஓர் உப்பும்தான். கணக்குப் போட்டால், ஒரு டீஸ்பூன் சோடாவை, அதாவது சுமார் 5 கிராமை, முழுக்கச் செயலிழக்க வைக்க 5 சதவீத அமிலம் உள்ள சாதாரண வினிகர் 70 மில்லி போதும். இரண்டையும் கலந்து ஸ்ப்ரே பாட்டிலில் வைத்திருப்பவர்கள் உப்புத்தண்ணீரைத்தான் அடிக்கிறார்கள். உடனே மூடியை இறுக்கினால் வாயு அழுத்தத்தில் பாட்டில் வெடிக்கவும் கூடும்.

தனித்தனியாகப் பயன்படுத்தினால் இரண்டும் நல்ல பொருள்கள். எந்த அழுக்குக்கு எது என்று தெரிந்தால் போதும். குழாய் நுனியில் வெள்ளையாகப் படியும் உப்புக்கறைக்கு அமிலம் வேண்டும். ஒரு துணியை வினிகரில் நனைத்துக் குழாயில் சுற்றி, அரை மணி நேரம் விட்டு, பழைய பல் துலக்கும் பிரஷால் தேய்த்தால் பொருக்காக உதிரும். ராத்திரி முழுக்க விட்டால் குழாயின் முலாம் கெட்டுப்போகலாம். அடுப்பைச் சுற்றிய எண்ணெய்ப் பிசுக்குக்கு வினிகர் சரிப்படாது. அதற்குச் சோப்பும் வெந்நீரும். விடாப்பிடியான இடத்தில் சோடாவைக் குழைத்துத் தடவலாம். ஆனால் அலுமினியப் பாத்திரத்தில் சோடா பட்டால் கறுத்துவிடும்.

நான் செய்த பெரிய தவறு மார்பிளில். வினிகர் கலந்த தண்ணீரால் வாராவாரம் மார்பிள் மேடையைத் துடைத்தேன். ஒருநாள் ஜன்னல் வெளிச்சம் சாய்வாக விழுந்தபோது பார்த்தால், கை அதிகம் போன இடமெல்லாம் திட்டுத் திட்டாக மங்கிக் கிடந்தது. கறையாக்கும் என்று மறுபடி வினிகர் போட்டுத் தேய்த்தேன்! அது கறையே இல்லை. மார்பிள் என்பது கால்சியம் கார்பனேட். அமிலம் பட்டால் கல்லே கரையும். வெந்நீர்ப் பாத்திரத்தில் படியும் உப்பை வினிகர் கரைக்கிறதே, அதே வேலைதான் இங்கேயும் நடக்கிறது. மறுபடி பாலிஷ் போடாமல் பளபளப்பு திரும்பாது. சுண்ணாம்புக் கல்லுக்கும், டைல்ஸ் இடுக்கில் பூசிய சிமெண்டுக்கும் இதே கதிதான். எலுமிச்சை இயற்கையானது என்று அதைத் தேய்ப்பதும் இதில் சேர்த்தி. கல்லுக்கு மிதமான சோப்புத் தண்ணீரே போதும்.

இன்னொரு ஜோடியும் சேராது: தாவர எண்ணெயில் செய்த திரவச் சோப்பும் வினிகரும். கலந்தால் சோப்பு உடைந்து, திரிந்த பால் போல வெள்ளைத் துணுக்குகள் மிதக்கும். துடைத்த இடமெல்லாம் பிசுபிசுப்பு.

இதுவரை சொன்னதில் போவது நேரமும் பொருளும்தான். அடுத்தது உயிர் விஷயம். கழிப்பறையில் யாரோ ப்ளீச் ஊற்றி ஊறவிட்டிருப்பார்கள். அது தெரியாமல் நாம் போய் வினிகரை ஊற்றுவோம். கிளம்புவது குளோரின் வாயு. 1915 ஏப்ரல் 22 அன்று, முதல் உலகப் போரில், பெல்ஜியத்தின் ஈப்ர் களத்தில் ஆயுதமாக அவிழ்த்துவிடப்பட்டது இதே வாயுதான். சின்னக் குளியலறையில் கொஞ்சம் கிளம்பினாலும் கண்ணும் தொண்டையும் எரியும், மூச்சு திணறும். உடனே வெளியேறி, நல்ல காற்றுள்ள இடத்துக்குப் போய்விட வேண்டும். ப்ளீச்சோடு அம்மோனியாவும் கூடாது. கிருமிநாசினியான ஹைட்ரஜன் பெராக்சைடையும் வினிகரையும் ஒரே பாட்டிலில் கலப்பதும் வேண்டாம். தோலையும் நுரையீரலையும் அரிக்கும் பெராசிடிக் அமிலம் உருவாகும்.

சரி, கிருமி? வினிகர் சில கிருமிகளைக் குறைக்கும், ஆனால் நம்பகமான கிருமிநாசினி இல்லை. தினசரித் துடைப்புக்குக் கிருமிநாசினி தேவையும் இல்லை. சோப்பும் தண்ணீரும் கிருமிகளைக் கழுவித் தள்ளிவிடும். பச்சை இறைச்சி வெட்டிய பலகை போன்றவற்றை முதலில் சோப்பால் கழுவிவிட்டு, அப்புறம் 3 சதவீத ஹைட்ரஜன் பெராக்சைடு பூசிச் சில நிமிடம் ஈரமாகவே விட வேண்டும். பூசின கையோடு துடைத்தால் பலனில்லை. அது பழுப்பு பாட்டிலில் வருவதற்கும் காரணம் உண்டு. வெளிச்சம் பட்டால் தண்ணீராகவும் ஆக்சிஜனாகவும் பிரிந்து வீரியம் இழந்துவிடும். அழகான கண்ணாடி பாட்டிலுக்கு மாற்றாதீர்கள்.

எதை எதற்கு மாற்றினாலும் பெயர் எழுதி ஒட்டுங்கள். குடிதண்ணீர் பாட்டிலில் ஊற்றி வைத்த வினிகரோ சலவை சோடாக் கரைசலோ குழந்தைக்குத் தண்ணீராகத்தான் தெரியும். சலவை சோடாவும் சமையல் சோடாவும் ஒன்றல்ல. முன்னது காட்டமான காரம், கையுறை இல்லாமல் தொட்டால் தோல் எரியும். எலுமிச்சைத் தோல் ஊறல், பூந்திக்கொட்டைத் தண்ணீர் போன்றவை சில நாளில் கெட்டுப்போகும், அதனால் அவ்வப்போது கொஞ்சமாகச் செய்வதே நல்லது. வீட்டில் பூனை இருந்தால் வாசனைக்காக டீ ட்ரீ எண்ணெய் சேர்ப்பதை விட்டுவிடுங்கள். அதன் உடம்புக்கு அது விஷம்.

இயற்கை முறைக்கு மாறிய உற்சாகத்தில் பழைய பாட்டில்களை மொத்தமாகச் சாக்கடையில் கொட்டுபவர்கள் இருக்கிறார்கள். தண்ணீரைக் காப்பாற்றத்தானே மாறினோம்? இருப்பதை லேபிளில் சொன்னபடி, ஒவ்வொன்றாக, எதோடும் கலக்காமல் பயன்படுத்தித் தீர்த்துவிடுங்கள். துடைக்கப் புதுசாக மைக்ரோஃபைபர் துணியும் வாங்க வேண்டாம். அதை ஒவ்வொரு முறை அலசும்போதும் நுண்ணிய பிளாஸ்டிக் இழைகள் தண்ணீரோடு போகின்றன. கிழிந்த பருத்திச் சட்டை ஒன்றைக் கத்தரித்தால் நாலைந்து துணி தேறும், பட்டனை மட்டும் மறக்காமல் எடுத்துவிடுங்கள், கீறிவிடும்.