பணம் கேட்டு வரும் வக்கீல் நோட்டீசுக்கு உறுதியாகப் பதில் எழுதும் முறை

மதுரை விளக்குத்தூண் பகுதியில் ஜவுளிக்கடை நடத்தும் ஒருவருக்கு, ஈரோட்டு மொத்த வியாபாரியின் வழக்கறிஞரிடமிருந்து நோட்டீஸ் வருவதாக வைத்துக்கொள்வோம். பாக்கி 2,40,000 ரூபாயை 24 சதவீத வட்டியுடன் 7 நாட்களுக்குள் கட்ட வேண்டும், தவறினால் வழக்கு என்கிறது அது. இந்த 7 நாள் கெடு சட்டம் விதித்ததன்று, அனுப்பியவர் விதித்தது. காசோலை திரும்பியதற்காக வந்த நோட்டீஸ் இதற்கு முக்கியமான விலக்கு. மாற்றுமுறை ஆவணச் சட்டத்தின் 138ஆவது பிரிவின்படி, அது கிடைத்த 15 நாட்களுக்குள் பணம் செலுத்தாவிட்டால் குற்றவியல் புகாருக்கு வழி பிறந்துவிடும்; அப்படிப்பட்ட நோட்டீசுடன் அன்றைக்கே வழக்கறிஞரைப் பார்த்துவிட வேண்டும்.

தபால்காரரிடம் உறையை வாங்க மறுப்பதால் பயனில்லை. சரியான முகவரிக்கு வந்த தபாலை மறுத்தால், அது கிடைத்ததாகவே நீதிமன்றம் பெரும்பாலும் கருதும். வாங்கிய தேதியை உறையின் மேலேயே குறித்து, உறையையும் சேர்த்துப் பத்திரப்படுத்துங்கள்.

பதிலை வழக்கறிஞர் மூலமாக அனுப்புவதே வழக்கம். ஆனாலும் விவரங்களைத் தர வேண்டியவர் நீங்கள்தான் என்பதால், பேனாவை எடுக்கும் முன் பேரேடு, பில்கள், வங்கிக் கணக்கு அறிக்கை, வாட்ஸ்அப் செய்திகள் எல்லாவற்றையும் தேதி வாரியாக அடுக்கிவிடுங்கள். பில்லின் அடியில் பொடி எழுத்தில் அச்சிட்டிருப்பதையும் படியுங்கள்: தாமதத்துக்கு எத்தனை சதவீத வட்டி, எந்த ஊர் நீதிமன்ற எல்லை என்பதெல்லாம் பெரும்பாலும் அங்கேதான் ஒளிந்திருக்கும்.

எழுதும்போது ஒன்றை மறக்கலாகாது. இந்தக் கடிதத்தைப் பின்னாளில் படிக்கப்போகிறவர் நீதிபதி. அதனால் வசவுக்கும் மிரட்டலுக்கும் அதில் இடமில்லை. நோட்டீசின் பத்திகளை வரிசையாக எடுத்து, உண்மையானதை ஒப்புக்கொண்டு, பொய்யானதைக் காரணத்தோடு மறுக்க வேண்டும். "எல்லாம் பொய்" என்ற ஒற்றை வரியைவிடக் கீழ்க்கண்டது போன்ற பத்திக்கு வலு அதிகம்:

"தங்கள் கட்சிக்காரரிடம் சரக்கு வாங்கியது உண்மை. ஆனால் சாயம் போன 65,000 ரூபாய் மதிப்புள்ள சேலைகள் லாரி ரசீதுடன் திருப்பி அனுப்பப்பட்டுள்ளன. ரசீதின் நகல் இணைக்கப்பட்டுள்ளது. அத்தொகை கழிக்கப்படவில்லை. 24 சதவீத வட்டிக்கு எந்த ஒப்பந்தமும் இல்லை."

பலர் சறுக்குவது மரியாதைக்காக எழுதும் ஒரு வாக்கியத்தில்தான். "கொஞ்சம் அவகாசம் கொடுங்கள், தவணையில் கட்டிவிடுகிறேன்" என்று கையெழுத்திட்டு எழுதினால், அது கடனை ஒப்புக்கொண்டதாகிவிடும். 1963ஆம் ஆண்டு காலவரையறைச் சட்டப்படி, இத்தகைய சரக்குப் பாக்கிக்கு வழக்குத் தொடர 3 ஆண்டுகள்தான் கெடு. அது முடியும் முன் எழுத்தில் ஒப்புக்கொண்டால் கெடு புதிதாகத் தொடங்கும். கெடு முடிந்த பிறகும்கூட, தருவதாக எழுதிக் கையெழுத்திட்ட வாக்குறுதி செத்த கடனுக்கு உயிர் கொடுத்துவிடும். ஆகவே எந்தத் தொகை எப்போது நிலுவையானது என்று பார்க்காமல் ஒரு வரியும் எழுதாதீர்கள்.

வட்டிக்கு வாங்கிய கடனில் வெற்றுக் காசோலையோ நிரப்பாத புரோநோட்டோ கொடுத்திருந்தால், அது எப்போது, எதற்காகக் கொடுக்கப்பட்டது என்பதை இந்த முதல் பதிலிலேயே சொல்லிவிட வேண்டும். வழக்கு வந்தபின் சொன்னால் புனைந்ததாகத் தோன்றும். கந்துவட்டி என்றால், 2003ஆம் ஆண்டு தமிழ்நாடு அதீத வட்டி தடைச் சட்டத்தையும் பதிலில் குறிப்பிடலாம்.

சமரசத்துக்கு மனமிருந்தால் அதை மறுப்புக் கடிதத்தில் கலக்காமல், "உரிமைகளுக்குப் பாதகமின்றி" (இதில் சொல்வதைக் கடனை ஒப்புக்கொண்டதாகக் கொள்ளக்கூடாது என்று பொருள்) என்ற தலைப்புடன் தனிக் கடிதமாக வழக்கறிஞர் மூலம் பேசுவதே நல்லது. உண்மையில் தர வேண்டிய தொகை இருந்தால், அதை ரொக்கமாகத் தராமல் வங்கி வழியே செலுத்தி, முழுத் தீர்வு என்று எழுத்தில் பெறுங்கள்.

பதிலை நோட்டீஸ் அனுப்பிய வழக்கறிஞரின் முகவரிக்கு ஒப்புகையுடன் தபாலில் அனுப்பி, ரசீதையும் கையெழுத்திட்ட நகலையும் வைத்துக்கொள்ளுங்கள். கட்டணம் கொடுக்க வசதியில்லாதவர்கள் மதுரை மாவட்ட சட்டப்பணிகள் ஆணைக்குழுவை அணுகலாம். பெண்களுக்கும் பட்டியல் சாதியினர், பழங்குடியினருக்கும் வருமான வரம்பு பாராமல் அங்கே இலவச சட்ட உதவி உண்டு.