பிளேட்டிங் பட்டறையில் கூலிக் கணக்கு எங்கே தவறுகிறது?

நிக்கல் விலை ஏறினால் மதுரை கப்பலூரிலோ கே.புதூர் தொழிற்பேட்டையிலோ பிளேட்டிங் (முலாம் பூசும்) பட்டறை வைத்திருப்பவர் உடனே வேலை கொடுக்கும் கம்பெனிக்குப் போன் போட்டு ரேட்டைக் கூட்டிக் கேட்பார். கம்பெனியும் லண்டன் சந்தை விலையைப் பார்த்துவிட்டு முனகிக்கொண்டே ஒப்புக்கொள்ளும். கூலி ஏறும்போது மட்டும் யாரும் போன் போடுவதில்லை. ‘ஆயிரம் ரூபாய்தானே, சமாளிச்சுக்கலாம்’ என்று விட்டுவிடுகிறார்கள். இருப்பதிலேயே பெரிய தவறு இதுதான்.

ஒரு பீஸுக்கு ரேட் 10 ரூபாய், அதில் கூலி 4 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். கூலி வருடம் 8 சதவீதம் ஏறினால் 9 வருடத்தில் 8 ரூபாய் ஆகிவிடும். ரேட்டை வருடம் 3 சதவீதம்தான் ஏற்றினீர்கள் என்றால் அது 13 ரூபாயில் நிற்கும். முன்பு கூலி போக 6 ரூபாய் மிஞ்சியது, இப்போது 5 ரூபாய். கரண்ட், கெமிக்கல், கழிவுநீர்ச் சுத்திகரிப்பு, வட்டி எல்லாம் அதற்குள் அடங்க வேண்டும். அவை மட்டும் பழைய விலையிலா இருக்கும்? குறைந்தபட்சக் கூலியின் பஞ்சப்படி தமிழ்நாட்டில் ஏப்ரலுக்கு ஏப்ரல் மாறுகிறது. ரேட்டையும் அதே மாதம் திருத்துவதாக ஆர்டரிலேயே எழுதி வாங்கிவிடுங்கள்.

கையில் கொடுக்கும் சம்பளத்தை மட்டும் கூலிச் செலவாக எழுதுவது அடுத்த தவறு. 15,000 ரூபாய் சம்பளத்துக்கு முதலாளி பங்காக பி.எஃப். நிர்வாகக் கட்டணங்களோடு 13 சதவீதம், இ.எஸ்.ஐ. 3.25 சதவீதம். முழுச் சம்பளத்துக்கும் 8.33 சதவீத போனஸ், வருடத்துக்கு 15 நாள் சம்பளம் என்று கிராஜுவிட்டி, இவற்றையும் சேர்த்தால் மாதம் 19,400 ரூபாய் பக்கம் வந்துவிடும். ஓ.டி.க்கு இரட்டைக் கூலி. அழகர் ஆற்றில் இறங்கும் வாரத்தில் பாதிப் பேர் லீவு போட, மிச்ச ஆட்களை வைத்து டெலிவரி கொடுத்த செலவும் வருடக் கணக்கில் ஏற வேண்டும்.

கிலோ கணக்கில் ரேட் பேசுவதும் ஆபத்து. ஒரு கிலோ தடித்த போல்ட்டைவிட ஒரு கிலோ மெல்லிய கிளிப்புக்குப் பரப்பு பல மடங்கு. பீஸ்களைத் தொட்டிக்குள் தொங்கவிடும் சட்டமான ஜிக்கில் மாட்டிக் கழற்றும் வேலையும் அப்படியே.

அப்புறம், சம்பளம் குறைவு என்று புது ஆளை பஃப் (பாலிஷ் போடும்) மோட்டார் முன்னால் நிறுத்துவது. ஓரத்தை அதிகமாகத் தேய்த்துவிடுவார், பள்ளத்தில் பாலிஷ் மெழுகைத் துடைக்காமல் விட்டுவிடுவார். அங்கே முலாம் பிடிக்காமல் உரிந்து வரும். திரும்பி வந்த பீஸை உரித்து, மறுபடி பஃப் அடித்து, மறுபடி தொட்டியில் போட வேண்டும். கூலி இரண்டு தடவைக்கு மேல், வரும் பணமோ ஒரு தடவைக்குத்தான். அதனால் தேறிய பீஸ் எத்தனை என்று எண்ணி, அன்றைய கூலியை அதால் வகுங்கள். கைதேர்ந்தவருக்குக் கொடுக்கும் கூடுதல் சம்பளம் பெரும்பாலும் மலிவாகவே இருக்கும்.

கூலி ஏறிவிட்டது என்று ஆட்டோமேட்டிக் பிளான்ட் வாங்க ஓடுகிறவர்களும் உண்டு. அது ஜிக்கைத் தொட்டிக்குத் தொட்டி தூக்கிப் போடும், அவ்வளவுதான். மாட்டுவதும் கழற்றுவதும் பஃப் அடிப்பதும் பல பட்டறைகளில் இன்னும் கைவேலைதான். கடனுக்குக் கையெழுத்துப் போடும் முன் ஒரு வாரம் யார் எந்த வேலையில் எத்தனை மணி நேரம் நிற்கிறார் என்று நோட்டில் குறித்துப் பாருங்கள்.