அலோகம் என்பது உலோகத்தின் எதிர்ப்பதம் அல்ல

உலோகம் பளபளக்கும், அலோகம் பளபளக்காது. அது கடத்தும், இது கடத்தாது. இப்படி இரண்டு பத்தியாகக் கோடு போட்டு மனப்பாடம் செய்வதில்தான் பாதித் தவறுகள் பிறக்கின்றன. அலோகம் மின்சாரத்தைக் கடத்தாது என்று எழுதிய அதே கை, இரண்டு பக்கம் தள்ளி டார்ச் பேட்டரியின் நடுவிலுள்ள கார்பன் தண்டைப் படம் வரைகிறது. அந்தத் தண்டு என்ன வேலை செய்கிறதாம்? கிராபைட் நன்றாகவே கடத்தும். வைரம் மின்சாரத்தைக் கடத்தாது, ஆனால் வெப்பத்தைச் செம்பைவிடப் பல மடங்கு வேகமாகக் கடத்தும். இரண்டுமே கார்பன்தான். அயோடின் படிகம் பளபளக்கும் என்பதையும் கூடவே குறித்துக்கொள்ளுங்கள்.

வடிவத்தைச் சொல்லாமல் தனிமத்தை மட்டும் சொல்வது அடுத்த தவறு. "பாஸ்பரஸைத் தண்ணீருக்குள் வைக்க வேண்டும்" என்றால் எந்தப் பாஸ்பரஸ்? காற்றில் தானே தீப்பிடிக்கும் வெள்ளைப் பாஸ்பரஸைத்தான். சிவப்புப் பாஸ்பரஸ் நம் வீட்டுத் தீப்பெட்டியின் உரசும் பட்டையில் சாதுவாக உட்கார்ந்திருக்கிறது. குச்சியின் தலையில் இருப்பதாகப் பலர் எழுதுகிறார்கள். அங்கே இருப்பது பொட்டாசியம் குளோரேட்டும் கந்தகமும் போன்றவை.

சரி, உலோகத்துக்கும் அலோகத்துக்கும் இடைப்பட்ட குணமுள்ள உலோகப்போலிக்கு வருவோம். பாதி உலோகம், பாதி அலோகம், அதனால் கடத்துவதும் பாதி என்ற கணக்கு அடியோடு தப்பு. செம்புக் கம்பியைச் சூடாக்கினால் அதன் கடத்துதிறன் குறையும். அங்கே எலக்ட்ரான்கள் ஏற்கெனவே சுதந்திரமாகத் திரிகின்றன. சூட்டில் அணுக்கள் அதிகமாக அதிர்ந்து அவற்றின் வழியை மறிக்கின்றன. உலோகப்போலியான சிலிக்கானில் கதை தலைகீழ். பிணைப்பில் மாட்டியிருக்கும் எலக்ட்ரான்களை வெப்பம் அவிழ்த்துவிடுவதால் கடத்துதிறன் கூடும். பத்து லட்சம் சிலிக்கான் அணுக்களுக்கு ஒரு பாஸ்பரஸ் அணுவைச் சேர்த்தாலே கடத்துதிறன் லட்சம் மடங்குக்கு மேல் உயர்ந்துவிடும். தூய உலோகத்தில் அவ்வளவு சிறிய கலப்பு இப்படியொரு கூத்தைச் செய்யாது. அப்புறம், சிலிக்கான் வேறு, மணலில் இருக்கும் சிலிக்கா வேறு, கேக் அச்சு செய்யும் சிலிக்கோன் வேறு. செய்தித்தாள்களே இதில் தடுமாறுகின்றன.

தனிம அட்டவணையில் உலோகங்களையும் அலோகங்களையும் பிரிக்கும் படிக்கட்டுக் கோட்டைத் தொட்டாலே உலோகப்போலி என்று அலுமினியத்தையும் சேர்த்துவிடுவார்கள். அது சுத்தமான உலோகம். அதன் ஆக்சைடு அமிலத்தோடும் காரத்தோடும் வினைபுரிவதைச் சான்றாகக் காட்டினால், துத்தநாக ஆக்சைடும் அதைத்தான் செய்கிறது. போரான், சிலிக்கான், ஜெர்மானியம், ஆர்செனிக், ஆன்டிமனி, டெலூரியம் ஆகிய ஆறையும் பெரும்பாலும் எல்லோரும் ஏற்கிறார்கள். பொலோனியம், அஸ்டடைன் விஷயத்தில் புத்தகத்துக்குப் புத்தகம் மாறும். தேர்வில் உங்கள் பாடநூல் சொல்வதை எழுதுங்கள்.

அலோக ஆக்சைடு எல்லாம் அமிலத்தன்மை உடையது என்பதும் அவசரப் பேச்சு. கார்பன் மோனாக்சைடும் நைட்ரிக் ஆக்சைடும் நடுநிலையானவை.

கெட்டிக்கார மாணவர்களும் விழும் குழி ஒன்று உண்டு: கவர்திறனையும் எலக்ட்ரான் நாட்டத்தையும் ஒன்றாக எண்ணுவது. பிணைப்பில் எலக்ட்ரானை இழுக்கும் கவர்திறனில் புளூரினுக்கே முதலிடம்: பாலிங் அளவில் 3.98, குளோரினுக்கு 3.16. தனி அணு ஓர் எலக்ட்ரானை ஏற்கும்போது வெளிவிடும் ஆற்றலான எலக்ட்ரான் நாட்டத்தில் குளோரின் முந்துகிறது: மோலுக்குச் சுமார் 349 கிலோஜூல், புளூரினுக்கு 328. புளூரின் அணு மிகச் சிறியது. வெளிக்கூட்டில் ஏற்கெனவே நெருக்கியடித்துக்கொண்டிருக்கும் ஏழு எலக்ட்ரான்களும் புதிதாக வருவதை விலக்குகின்றன.