தோட்ட முகவரிக்கும் பார்சல் போய்ச்சேர வேண்டுமா? செக்அவுட் பக்கத்தை இப்படி அமையுங்கள்

இலங்கை மலையகத்தில் ஒன்லைன் கடை போடுபவர்கள் கார்ட் பேமண்ட் எடுப்பதற்கு ஓடியாடித் திரிவார்கள். செக்அவுட்டில், அதாவது வாடிக்கையாளர் முகவரி கொடுத்துக் காசு கட்டும் பக்கத்தில், முகவரிப் பெட்டியை மட்டும் ரெடிமேட் டெம்ப்ளேட்டில் வந்தபடியே விட்டுவிடுவார்கள். பார்சல் திரும்பி வருவதற்கு அதுவும் ஒரு காரணம்.

அந்த டெம்ப்ளேட் தெருப் பெயரும் மாநிலமும் கேட்கும். பொகவந்தலாவையில் லயன் வீட்டில் (தோட்டத் தொழிலாளர்களின் வரிசை வீட்டில்) இருப்பவருக்குத் தெருப் பெயர் ஏது? மாநிலத்தைத் தூக்கிவிட்டு 25 மாவட்டங்களின் பட்டியலைப் போடுங்கள். அடுத்து கிட்டிய டவுன், தோட்டம், டிவிஷன், லயன் அல்லது வீட்டு இலக்கம். கடைசியாக "அடையாளம்" என்று ஒரு பெட்டி: கோயில், பிரட்டுக்களம், கொழுந்து மடுவம் என்று உதாரணமும் காட்டுங்கள். டிவிஷன் பெட்டியை விட்டுவிடாதீர்கள். ஒரே தோட்டத்தின் மேற்பிரிவும் கீழ்ப்பிரிவும் பல கிலோமீட்டர் தள்ளி இருக்கலாம்; மலைப் பாதையில் பார்சல் கொண்டுவரும் ரைடர் இரண்டாம் தடவை ஏறமாட்டார். டவுனில் இருப்பவர்களுக்குத் தோட்டம், டிவிஷன் பெட்டிகள் கட்டாயமாக இருக்கக் கூடாது. தபால் குறியீடு டவுனைத் தெரிவு செய்ததும் தானாக விழட்டும் (ஹட்டன் 22000, நுவரெலியா 22200, பதுளை 90000).

லேபலை வாசிக்கும் ரைடருக்குத் தமிழ் தெரியாமல் இருக்கலாம். டவுன், தோட்டப் பெயர்களை மூன்று மொழியிலும் சேமித்து வைத்தால், வாடிக்கையாளர் தமிழில் தெரிவு செய்வார், லேபல் சிங்களத்திலோ ஆங்கிலத்திலோ அச்சாகும்.

பெயருக்கு ஒரே பெட்டி போதும். குடும்பப் பெயர் கட்டாயம் என்றால், அப்பாவின் பெயரை இனிஷியலாக மட்டும் வைத்திருப்பவர் அங்கே ஒரு புள்ளி வைப்பார்; அதுவும் லேபலில் அச்சாகும். ஈமெயில் கட்டாயம் வேண்டாம். கணக்குத் திறக்கச் சொல்வதை ஓடர் முடிந்த பிறகு வைத்துக்கொள்ளலாம்.

போன் இலக்கத்தை 0 வைத்தும் அடிப்பார்கள், +94 வைத்தும் அடிப்பார்கள், நடுவில் இடைவெளியும் விடுவார்கள். எல்லாவற்றையும் ஏற்று, கடைசி 9 இலக்கத்தை எடுத்துச் சேமியுங்கள். அந்தப் பெட்டியைத் தொட்டால் இலக்க விசைப்பலகை வர வேண்டும். லயனுக்குள் சிக்னல் விட்டு விட்டு வரும் என்பதால், விரும்பினால் நிரப்ப இரண்டாவது இலக்கத்துக்கும் இடம் கொடுங்கள்.

டெலிவரிக் காசை முகவரி கேட்பதற்கு முன்பே, கூடையிலேயே காட்டிவிடுங்கள். கூரியர் பொதுவாக முதல் கிலோவுக்கு ஒரு விலை, மேலதிகக் கிலோவுக்கு ஒரு விலை என்று எடுக்கும். 400 கிராம் தேயிலைப் பக்கட் இரண்டு வாங்கினால் 800 கிராம். பெட்டியோடும் ஒரு கிலோவுக்குள் அடங்கும். மூன்றாவதைப் போட்டால் 1.2 கிலோ, கூலி இரண்டு கிலோவுக்கு. இது கடைசிப் பக்கத்தில் தெரிந்தால் ஆள் போய்விடுவார்.

பொருள் கைக்கு வந்ததும் காசு கொடுக்கும் வழி கட்டாயம் இருக்க வேண்டும். அனுப்பும் முன் ஒரு கோல் எடுத்து உறுதிப்படுத்துங்கள். திரும்பி வரும் பார்சலின் கூலி உங்கள் தலையில்தான் விழும். வங்கியில் காசு போடுபவருக்கு ஓடர் இலக்கத்தைக் குறிப்பில் எழுதச் சொல்லுங்கள். ஸ்லிப் படத்தை நம்பிப் பொருளை விடாதீர்கள், கணக்கில் காசு விழுந்ததா என்று பாருங்கள்.

கார்ட்டில் சிக்கல் ஓடிபியில், அதாவது வங்கி போனுக்கு அனுப்பும் ஒருதடவைக் குறியீட்டில் வரும். எஸ்எம்எஸ் பிந்தும், ஆள் வாசலுக்குப் போய் சிக்னல் தேடுவார், அதற்குள் பக்கம் காலாவதியாகிவிடும். அப்போது கூடையை வெறுமையாக்கிவிடாதீர்கள்; ஓடரை "காசு வரவில்லை" என்ற நிலையில் வைத்து, மீண்டும் செலுத்த ஒரு லிங்க் அனுப்புங்கள். காசு வந்ததா என்பதை வாடிக்கையாளரின் பிரவுசர் திரும்பி வருவதை வைத்து முடிவு செய்யக் கூடாது. பேமண்ட் கேட்வே (கார்ட் காசை எடுத்துத் தரும் சேவை) உங்கள் சேர்வருக்கு நேரடியாக அனுப்பும் அறிவித்தல்தான் கணக்கு. "ஓடர் செய்" பட்டனை ஒரு தடவை அமுக்கியதும் பூட்டிவிடுங்கள். சேர்வர் பக்கமும் ஒரே கூடைக்கு ஒரே ஓடர் இலக்கம்தான் விழ வேண்டும். பட்டன் பூட்டு மட்டும் போதாது, பக்கத்தை ரீஃப்ரெஷ் செய்தால் அது திறந்துகொள்ளும்.

எழுத்து 16 பிக்சலுக்குக் குறைந்தால் ஐபோனில் பெட்டியைத் தொட்டதும் திரை பெரிதாகித் தள்ளிப்போகும். கடையைத் திறக்கும் முன் விலை குறைந்த ஒரு அண்ட்ரொய்ட் போனில் தமிழ் விசைப்பலகையைப் போட்டு ஓடர் ஒன்று செய்து, பட்டனை அமுக்கிய கையோடு டேட்டாவை நிறுத்திப் பாருங்கள். திரும்ப டேட்டா போட்டதும் முகவரி அப்படியே இருக்க வேண்டும், ஓடர் ஒன்றுக்கு மேல் விழுந்திருக்கக் கூடாது.