பட்டை மேலே நின்றால் போதாது: தாவர வைரஸ் புரதம்–ஆர்.என்.ஏ சோதனையில் நடக்கும் தவறுகள்

புரதம் ஆர்.என்.ஏ-வைப் பிடிக்கிறதா என்று பார்க்க, இரண்டையும் கலந்து ஜெல்லில் மின்சாரம் செலுத்தி ஓட்டுவதுதான் ஜெல் நகர்வுச் சோதனை. அதில் தனி ஆர்.என்.ஏ வேகமாகக் கீழே இறங்கிவிடும். புரதம் பிடித்துக்கொண்டால் மேலேயே தங்கும். மேலே ஒரு பட்டை தெரிந்ததும் ‘குறிப்பாகப் பிணைகிறது’ என்று எழுதிவிடுவதுதான் எல்லோரும் செய்யும் தவறு. வைரஸின் மேலுறையாக அமையும் உறைப்புரதங்கள் பலவற்றில் நேர்மின்சுமை கொண்ட ஆர்ஜினின், லைசின் அமினோ அமிலங்கள் நிறைய, ஆர்.என்.ஏ-வோ எதிர்மின்சுமை. உப்பு 20, 30 மில்லிமோலார்தான் என்றால் எந்த ஆர்.என்.ஏ-வும் ஒட்டும். 100 முதல் 150 மில்லிமோலார் உப்பில், வைரஸுக்குச் சம்பந்தமில்லாத ஈஸ்ட் டி.ஆர்.என்.ஏ-வைப் (tRNA) போட்டிக்கு விட்டு, அப்போதும் பட்டை நிற்கிறதா என்று பாருங்கள்.

குதிரைமசால் மொசைக் வைரஸை எடுத்துக்கொள்வோம். அதன் மூன்று மரபு ஆர்.என்.ஏ-க்களை மட்டும் செடிக்குள் செலுத்தினால் நோய் வராது; கொஞ்சம் உறைப்புரதமும் சேர வேண்டும். அந்தப் புரதம் ஆர்.என்.ஏ-வின் 3' முனையில் ஏ-யூ-ஜி-சி என்ற வரிசை திரும்பத் திரும்ப வரும் பகுதியைப் பிடிக்கிறது. கடைசி 39 நியூக்ளியோடைடுகளும், புரதத்தின் தொடக்கத்து 26 அமினோ அமிலங்களும் இருந்தாலே பிணைப்பு நடக்கும். அதிலும் 17-ஆவது ஆர்ஜினின் போனால் பிணைப்பும் போச்சு. ஆகவே புரதத்தைப் பிரித்தெடுக்க ஒட்டும் ஹிஸ்டிடின் வாலை இந்தப் புரதத்தின் முன்முனையில் மாட்டாதீர்கள், பின்முனையில் மாட்டுங்கள். ஏ-யூ-ஜி-சி-யை மாற்றிய ஆர்.என்.ஏ-வும் பக்கத்துக் குழியில் ஓடியே ஆக வேண்டும். ஆய்வகத்தில் ஆர்.என்.ஏ-வைப் படியெடுக்கும் நொதியான டி7 பாலிமரேஸ் 3' முனையில் ஓரிரு எழுத்துகளைத் தானாகச் சேர்த்துவிடும் என்பதும், புரதம் பிடிப்பது அந்த முனையையே என்பதால், இங்கே சின்ன விஷயமல்ல.

அடுத்தது அளவு. பிரிகை மாறிலி (ஆர்.என்.ஏ-வில் பாதி பிணைந்திருக்கும்போது பிணையாமல் மிஞ்சும் புரதத்தின் செறிவு) 10 நானோமோலார் உள்ள புரதத்துக்கு 100 நானோமோலார் ஆர்.என்.ஏ போட்டால், பாதி பிணையும் புள்ளி 60 நானோமோலார் புரதத்தில் வந்து நிற்கும் (10-உடன் ஆர்.என்.ஏ-வில் பாதியான 50). நீங்கள் அளந்தது பிணைப்பின் வலிமையை அல்ல, போட்ட ஆர்.என்.ஏ-வின் அளவைத்தான். ஜெல்லில் தெரிவதற்காகக் குறியிட்ட ஆர்.என்.ஏ 1 நானோமோலாருக்குக் கீழே இருக்கட்டும்.

ஈ. கோலையில் எடுத்த புரதம் பாக்டீரியாவின் ஆர்.என்.ஏ-வையும் சுமந்துகொண்டு வரும். 260, 280 நானோமீட்டர் ஒளியை அது உறிஞ்சும் அளவுகளின் விகிதம் (260/280) 0.6-ஐ ஒட்டி இருந்தால் நல்லது. 1-ஐத் தாண்டினால் ஆர்.என்.ஏ ஒட்டியிருக்கிறது என்று பொருள்; 1 மோலார் உப்பில் கழுவி ஹெபாரின் பத்தியில் ஏற்றுங்கள். இந்த விகிதத்தைப் பார்க்காமலேயே ‘புரதம் செயலிழந்துவிட்டது’ என்று தூக்கிப் போடுபவர்கள் அதிகம்.

ஆர்.என்.ஏ-வின் மடிப்புக்கு மக்னீசியம் தேவை என்றால் டி.பி.இ பஃபரில் ஓட்டாதீர்கள், அதிலுள்ள ஈ.டி.டி.ஏ மக்னீசியத்தைப் பிடுங்கிக்கொள்ளும். ஆர்.என்.ஏ-வைச் சிதைக்கும் நொதிகளை அழிக்க டிரிஸ் பஃபரில் டி.இ.பி.சி ஊற்றுவதும் வீண். அது டிரிஸோடு வினைபுரிந்து தீர்ந்துபோகும். டி.இ.பி.சி இட்டு ஆட்டோகிளேவ் செய்த தண்ணீரில் டிரிஸைக் கரையுங்கள்.

ஒரு வைரஸின் பாடத்தை இன்னொன்றுக்கு அப்படியே பொருத்தவும் கூடாது. டொம்பஸ் வைரஸின் பி19 என்ற புரதம் ஆர்.என்.ஏ-வின் எழுத்து வரிசையைப் பார்ப்பதில்லை, நீளத்தைத்தான் அளக்கிறது: 21 நியூக்ளியோடைடு இரட்டை இழை. ஒற்றை இழையைக் கொடுத்துவிட்டுப் பட்டை வரவில்லையே என்று அதைக் குறை சொல்ல முடியாது.

புகையிலை மொசைக் வைரஸின் உறைப்புரதத்துக்கோ குளிர் ஆகாது. குளிரில் சிறு துண்டுகளாகப் பிரிந்து கிடக்கும், ஆர்.என்.ஏ-வைச் சுற்றத் தொடங்க வேண்டிய 20எஸ் திரள் (பல புரத மூலக்கூறுகள் சேர்ந்த வட்டு) அப்போது இருக்காது. ஐஸிலிருந்து எடுத்த கையோடு கலக்காமல், முதல் நாளே பி.எச் 7, அயனி வலிமை 0.1, 20 டிகிரி செல்சியஸில் வைத்துவிடுங்கள்.